கோடும் கோட்டமும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் 'தமிழ்நாட்டுக் கிராமத்துக் காலைப்பொழுது' என்று கேட்டுப் பெற்ற நிலக்காட்சியை அச்சிட்டு, அதில் எது நம் ஊரைச் சேர்ந்தது, எது சேராதது என்று கேட்டிருந்தோம். பனிமூட்டத்துக்கு நடுவே இரண்டு கூர்மலைகள், வளைந்தோடும் ஓர் ஆறு, கரையில் ஓலைக்குடிசை, தலைப்பாகை கட்டிய ஒருவர், அவருக்கு முன்னால் ஒரு மாடு: இவ்வளவுதான் படம். வந்த கடிதங்கள் அந்தப் படத்தைக் கடந்து, எந்திரத்தின் பார்வையிலும் மனிதரின் பார்வையிலும் உள்ள சாய்வு வரை நீண்டுவிட்டபடியால், இம்முறை பகுதி முழுவதும் அந்தப் பொருளுக்கே.

ஓவிய ஆசிரியர், மன்னார்குடி

கேள்வி: ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இயற்கைக் காட்சி வரையச் சொன்னால், நாற்பது பேரும் இரண்டு முக்கோண மலை, நடுவே உதிக்கும் சூரியன், மலையிடுக்கிலிருந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை என்றே வரைகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஏறிப் பார்க்க ஒரு மண்மேடுகூடக் கிடையாது. நீங்கள் அச்சிட்ட எந்திரப் படத்திலும் அதே மலை, அதே ஆறு. யாரைப் பார்த்து யார் வரைகிறார்கள்?

பதில்: இருவருமே, 'இயற்கைக் காட்சி' என்று ஏற்கெனவே பெயர் வாங்கிவிட்ட படங்களைப் பார்த்து வரைகிறார்கள். நானும் டெல்டாவில் பிறந்தவன்தான். நோட்டுப் புத்தக அட்டை, மளிகைக் கடை காலண்டர், பள்ளிச் சுவரில் தொங்கிய சார்ட் ஆகியவற்றின் உபயத்தில், ஒரு மலையை நேரில் காண்பதற்கு முன்பே நூறு மலையாவது வரைந்திருப்பேன். பதினேழாம் வயதில், திண்டுக்கல்லைத் தாண்டிய பேருந்தின் சன்னல் வழியாக மலைத்தொடரைப் பார்த்தபோது, அது முக்கோணமாக இல்லாதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதற்குத் தெளிவான விளிம்பே இல்லை என்பதும், அடிவாரம் வானத்தைவிட வெளிறிக் கிடந்தது என்பதும்தான் திகைக்க வைத்தன. அதுவரை நான் அழுத்திப் போட்டுவந்த கறுப்புப் பென்சில் கோட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

இது நம் பிள்ளைகளின் குறை மட்டும் அன்று. ரஷ்யாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த விட்டாலி கோமர், அலெக்சாண்டர் மெலமிட் என்ற இரண்டு ஓவியர்கள், 1993-இல் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் துணையோடு 1,001 அமெரிக்கர்களிடம், உங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும், படத்தில் என்ன இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டு, விடைகளின் சராசரியை அப்படியே ஓவியமாகத் தீட்டினார்கள். நீல வானம், நீர்நிலை, குன்று, மரம், மான், நடந்துபோகும் சில மனிதர் என்று வந்தது. பிறகு கென்யா, சீனா, துருக்கி, ஐஸ்லாந்து என்று நாடு நாடாகக் கேட்டும், ஹாலந்து போன்ற ஓரிரு இடங்கள் நீங்கலாக, ஏறத்தாழ அதே நீலக் காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. ஆதிமனிதன் வாழ்ந்த புல்வெளியின் நினைவு நம் இரத்தத்தில் இருப்பதே காரணம் என்றார் டெனிஸ் டட்டன் என்ற தத்துவப் பேராசிரியர். உலகமெங்கும் போய்ச் சேர்ந்துவிட்ட காலண்டர்களே காரணம் என்றார் கலை விமரிசகர் ஆர்தர் டான்டோ. மன்னார்குடியில் மலை முளைப்பதைப் பார்த்த பிறகு நான் டான்டோ பக்கம்தான்.

இன்று படம் வரையும் எந்திரங்கள் செய்வது, சாராம்சத்தில், அந்த இரண்டு ஓவியர்கள் கிண்டலாகச் செய்த சராசரி வேலையைத்தான். கிண்டல் மட்டும் இல்லை. உங்கள் மாணவருக்கும் எந்திரத்துக்கும் ஒரே ஒரு வேறுபாடு உண்டு: மாணவரை அழைத்துக்கொண்டு போய் வரப்பில் நிறுத்தலாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்செங்கோடு

கேள்வி: ஆங்கிலத்தில் 'பயஸ்' என்பதைப் பத்திரிகைகள் 'பாரபட்சம்' என்று எழுதுகின்றன. எந்திரத்துக்குப் பாரபட்சம் எப்படி வரும்?

பதில்: உங்கள் ஐயம் சரியானது. பாரபட்சம் என்றால் தெரிந்தே ஒருவருக்குப் பரிந்து இன்னொருவரை ஒதுக்குவது என்ற பொருள் வந்துவிடுகிறது; எந்திரத்திடம் அப்படி ஓர் எண்ணம் கிடையாது. தராசின் முள் ஒரு பக்கமாகவே நிற்பதைப் போன்ற நிலைக்குச் 'சாய்வு' பொருந்தும். பழைய சொல் வேண்டுமென்றால் 'கோட்டம்' இருக்கிறது. நடுவுநிலைமையைச் சொல்லும்போது வள்ளுவர் ஒருபால் கோடாமை என்றுதான் சொல்கிறார். இதில் ஓவியம் வரைபவர்களுக்கு ஒரு கூடுதல் சுவை உண்டு. கோடு என்றால் பென்சிலால் இழுக்கும் கோடு, மலையின் உச்சியும் கோடுதான், உங்கள் ஊர்ப் பெயரே சாட்சி, மரக்கிளையும் கோடு, கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல். மலைக்கு இன்னொரு பெயர் வரை; படம் போடுவதற்கும் அதுவே சொல். நிலக்காட்சி வரைவதற்கும் சாய்வுக்கும் உள்ள உறவைப் பற்றி நான் எழுத நினைப்பதில் பாதியை நம் அகராதி முன்பே முடித்து வைத்திருக்கிறது.

மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

கேள்வி: பயிற்சிக்குக் கொடுத்த படங்கள் போதாமையால் வரும் கோளாறு இது. இன்னும் நிறையப் படங்களைச் சேர்த்தால் தானாகவே சரியாகிவிடாதா?

பதில்: ஓரளவுக்குச் சரியாகும். எந்திரப் பார்வை ஆய்வுக்கு அடித்தளமாக அமைந்த 'இமேஜ்நெட்' தொகுப்பு 2009-இல் வெளிவந்தது, அதில் 1.4 கோடிக்கு மேற்பட்ட படங்கள் உண்டு. எடுக்கப்பட்ட இடம் தெரிந்த படங்களை 2017-இல் சிலர் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 45 விழுக்காடு அமெரிக்காவிலிருந்தே வந்திருந்தன. உலகின் மிகப் பெரிய மக்கள்தொகை கொண்ட சீனாவும் இந்தியாவும் சேர்ந்தும் ஒற்றை இலக்க விழுக்காட்டைத் தாண்டவில்லை. இந்த அளவு ஏற்றத்தாழ்வைப் படங்களைச் சேர்த்துக் குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும்.

ஆனால் எண்ணிக்கையோடு விஷயம் முடிவதில்லை. 2022-இல் வெளியான 'லையான்' என்ற தொகுப்பில் 585 கோடிப் படங்கள், ஒவ்வொன்றோடும் இணையத்தில் ஒட்டியிருந்த விளக்கச் சொற்களுடன், இருந்தன. அவற்றில் 230 கோடிக்கு மேற்பட்டவற்றின் விளக்கம் ஆங்கிலத்தில். படத்துக்கும் சொல்லுக்கும் உள்ள முடிச்சுதான் எந்திரத்துக்குப் பாடம். ஒரு விவசாயி தன் நாற்றங்காலைக் கைப்பேசியில் எடுத்துக் 'காலை வணக்கம்' என்று எழுதி அனுப்புகிறார். அது குடும்பக் குழுவோடு நின்றுவிடுகிறது. அதே வயலைச் சுற்றுலாப் பயணி ஒருவர் எடுத்து, 'பசுமை, அமைதி, பாரம்பரிய இந்தியக் கிராமம்' என்று ஆங்கிலத்தில் எழுதி விற்பனைத் தளத்தில் ஏற்றுகிறார்; எந்திரத்துக்குக் கிடைப்பது இது. இப்படி இன்னும் பத்துக் கோடிப் படங்களைச் சேர்த்தாலும், நாற்று இருக்கும், நாற்றங்கால் என்ற சொல் இருக்காது. அந்தக் கரையில் நின்றவரின் கண்மட்டமும் இருக்காது.

இதற்கு மேல் இன்னொரு சல்லடையும் உண்டு. ஒப்பிட்டால் மிகச் சிறிய கூட்டத்தினர் படங்களுக்குப் போட்ட 'அழகு' மதிப்பெண்ணைக் கணக்காக்கி, அதைக் கொண்டு அந்தப் பெருந்தொகுப்பிலிருந்து அழகான படங்களைத் தனியே பிரித்தார்கள். பரவலாகப் பயன்படும் படக்கருவி ஒன்று அப்படிப் பிரித்த படங்களில் மேலும் பயிற்சி பெற்றது. யாரோ சிலருடைய காலண்டர் ரசனை, கோடிக்கணக்கான படங்களுக்குக் காவல்காரனாக நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறையில் இதற்குத் தரக்கட்டுப்பாடு என்று பெயர். எங்கள் துறையில், பரிசுக் குழுவில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்போம்.

வாசகர், காரைக்குடி

கேள்வி: சாய்வே இல்லாமல் ஒரு நிலத்தை வரைந்து தரும் எந்திரம் வருமா?

பதில்: வராது. எங்கே நிற்பது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டுமே.

முதுகலை மாணவி, திருநெல்வேலி

கேள்வி: ஆங்கிலேயர் காலத்தில் நம் மலைகளையும் அருவிகளையும் வரைந்த ஓவியர்களிடமும் இதே சாய்வு இருந்தது என்று வகுப்பில் சொன்னார்கள். அவர்கள் நேரில் வந்து பார்த்துத்தானே வரைந்தார்கள்? எந்திரத்தோடு ஒப்பிடுவது நியாயமா?

பதில்: நேரில் வந்தார்கள், ஆனால் கண்ணை மட்டும் கொண்டு வரவில்லை. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தமிழ்நாட்டில் பயணம் செய்தார்கள். உங்கள் மாவட்டத்துப் பாபநாசம் அருவி உட்பட அவர்கள் இந்தியாவில் கண்ட காட்சிகள், 1795 முதல் 1808 வரை 144 அச்சுப்படங்களாக இலண்டனில் வெளிவந்தன. கோபுரங்களின் அளவு பிசகாமலிருக்க, இருட்டுப் பெட்டிக்குள் காட்சியை விழச்செய்து அதன்மேல் கோடிழுக்கும் கருவியையும் பயன்படுத்தினார்கள். ஆகவே அங்கேயும் ஓர் எந்திரம் இருந்தது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

என்றாலும், அக்காலத்து இங்கிலாந்தில் ஒரு நிலம் எப்போது படத்துக்குத் தகுதி பெறுகிறது என்பதற்கு எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிளாட் லொரேன் என்ற ஓவியரிடமிருந்து வந்தது அது: முன்னால் இருண்ட தரை, ஒரு பக்கம் சட்டம்போல நிற்கும் பெரிய மரம், நடுவில் ஒளி விழும் நீர், கடைசியில் நீலத்தில் கரையும் மலை, அளவு காட்டச் சில சிறிய மனிதர். இதன்மேல் இருந்த மோகத்தில், அவர் பெயராலேயே வழங்கிய, கறுப்புப் பூச்சுள்ள சிறிய குவிகண்ணாடியைப் பயணிகள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நல்ல இடம் வந்ததும் அந்த இடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கண்ணாடியில் விழும் பிம்பத்தை ரசித்தார்கள். கவிஞர் தாமஸ் கிரே 1769-இல் ஏரி மாவட்டத்தில் அப்படிக் கண்ணாடியும் கையுமாகப் போகையில் சேற்றுப் பாதையில் மல்லாந்து விழுந்து விரல் முட்டிகளைப் பெயர்த்துக்கொண்டதைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். அழகிய காட்சி என்ற கொள்கையைப் பரப்பிய வில்லியம் கில்பின் என்ற பாதிரியாரோ, டின்டர்ன் மடாலயத்தின் இடிபாடு போதிய அளவு அழகாக இடியவில்லை என்று குறைப்பட்டு, பக்குவமாக ஒரு சுத்தியலைப் போட்டால் சரியாகும் என்று யோசனை சொன்னார்.

இன்றைய எந்திரம் வரையும் நிலக்காட்சியை எடுத்துப் பாருங்கள். இருண்ட முன்தரை, ஓரத்து மரம், நடுவில் மின்னும் நீர், தொலைவில் நீல மலை, ஒரு சிறிய மனிதர். சென்ற இதழ்ப் படத்தில் தலைப்பாகைக்காரர் நிற்கும் இடம், டேனியல்களின் படங்களில் உள்ளூர்க்காரர் நிற்கும் அதே இடம். அவர் அங்கே உழவும் இல்லை, தண்ணீர் பாய்ச்சவும் இல்லை. மலை எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்காக நிற்கிறார். ஆகையால் உங்கள் ஒப்பீடு நியாயமானதுதான். இரண்டுக்கும் நடுவே நேரான வாரிசுரிமையே இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், மதுரை

கேள்வி: மேகத்திலும் மலையிலும் எந்திரம் நாய் முகங்களை வரைந்த படங்களைப் பார்த்தேன். அது ஏன் நாய்?

பதில்: 2015-இல் கூகுள் பொறியாளர்கள் செய்த சோதனை அது. படத்தில் எதைக் கண்டதாக எந்திரம் சந்தேகிக்கிறதோ, அதையே அந்தப் படத்தில் இன்னும் அழுத்தமாகக் காட்டு என்று கட்டளையிட்டு, அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். அந்த எந்திரம் பாடம் படித்த 1,000 வகைப் பொருள்களில் 120 அளவுக்கு நாய் இனங்கள். எட்டில் ஒரு பாடம் நாயாக இருந்தால் மேகத்தில் என்ன தெரியும்?

சிரிப்பதற்கு முன்னால் ஒத்தக்கடைக்குப் போய் யானைமலையை வரைந்து பாருங்கள். பல ஆண்டுகளாக மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். மலையின் பெயர் அவர்களுக்கு முன்பே தெரியும். ஆகவே தும்பிக்கைப் பகுதி அங்கே உள்ளதைவிட நீண்டும் மெலிந்தும் தாளில் வந்துவிடும், நெற்றி புடைக்கும், ஒரு மாணவர் தம்மையறியாமல் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழியை நிழலிட்டுவிட்டு, அது பாறையில் இருக்கிறது என்று என்னோடு வாதாடினார். நான் பென்சிலை நீட்டிப் பிடித்து, மலையின் நீளத்தையும் உயரத்தையும் கட்டைவிரல் நகத்தால் அளந்து காட்டிய பிறகுதான், தாளில் இருந்தது யானை, எதிரே இருந்தது மலை என்பதை ஒப்புக்கொண்டார். நாம் பெயரால் பார்த்துவிட்டு அதையே அழுத்தி வரைகிறோம். அந்த எந்திரமும் அதைத்தான் செய்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. ஜெர்மனியின் ட்யூபிங்கன் ஆய்வாளர்கள் 2018-இல், பூனையின் உருவத்துக்கு யானையின் தோலைப் போர்த்திய படத்தை எந்திரத்துக்குக் காட்டினார்கள். மனிதர்கள் பூனை என்றார்கள். எந்திரம் இந்திய யானை என்றது. நாம் வெளிக்கோட்டை நம்புகிறோம், அவ்வகை எந்திரங்கள் மேற்பரப்பின் சொரசொரப்பை நம்பின. யானைமலையைக் காட்டியிருந்தால் கல் என்றே சொல்லியிருக்கும். அந்த மட்டில் அது நம்மைவிட நேர்மையான மாணவராக இருந்திருக்கும்.

வாசகர், சென்னை

கேள்வி: ஒரு படத்தைக்கூடக் காட்டாமல், விதிகளை மட்டும் எழுதிக் கொடுத்து வரைய வைத்த ஹரால்டு கோகனின் 'ஆரன்' நிரலில் சாய்வு இருந்திருக்க முடியாதல்லவா?

பதில்: அதில்தான் கலப்படமில்லாத சாய்வு இருந்தது. 1966-இல் வெனிஸ் கண்காட்சியில் பிரிட்டன் சார்பில் பங்கேற்ற அளவுக்குப் பெயர் பெற்ற ஓவியர் கோகன். 1968-இல் கலிபோர்னியாவுக்குப் போய், எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து 2016-இல் மறையும் வரை அந்த ஒரே நிரலோடு வாழ்ந்தார். தண்டு எப்படிக் கிளைவிடும், இலை எப்படிக் கொத்தாகும், முன்னால் நிற்பது பின்னால் நிற்பதை எப்படி மறைக்கும் என்பதையெல்லாம் விதியாக எழுதினார். ஆரன் ஒரு மரத்தையும் கண்டதில்லை. கோகன் மரம் என்று எதைக் கருதினாரோ அது மட்டுமே அதற்குத் தெரியும். எண்பதுகளில் அது வரைந்த காடுகளுக்குள் மனிதர் நிற்கும் படங்கள், எங்கே பார்த்தாலும் ஒரே கையெழுத்தாகத் தெரிவது அதனால்தான்.

ஆயினும் எனக்கு ஆரன் மேல் மதிப்பு உண்டு. அதன் சாய்வுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். ஏன் இப்படி என்று அவரிடம் கேட்கலாம், அவரும் விதியைத் திருத்தி எழுதலாம். 585 கோடிப் படங்களிலிருந்து கற்ற சாய்வை யார் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது?

பனையேறி ஒருவரின் மகன், திருச்செந்தூர் அருகில்

கேள்வி: எங்கள் செம்மணல் தேரிக்காட்டையும் பனங்காட்டையும் வரையச் சொன்னேன். தேரிக்கு அரேபியப் பாலைவனமும் பனைக்குத் தென்னையும் வந்தன. சொல்லை மாற்றிச் சொல்லிப் பார்த்தால் ஈச்சமரம் வந்தது. கேட்பவன் தவறா?

பதில்: உங்கள் தவறு இல்லை. உங்கள் கடிதம் கண்டு நானும் முயன்றேன். செம்மணல் என்று தெளிவாக எழுதிய பிறகு மணல் சிவந்தது; ஆனால் அதன்மேல் ஒட்டகம் வந்து நின்றது. பனை என்று எத்தனை விதமாகச் சொன்னாலும், இறகுபோல நீண்டு தொங்கும் ஓலையே வந்தது. பனையோலை விசிறிபோல விரிவது. காய்ந்த ஓலைகள் பாவாடைபோல அடிமரத்தை ஒட்டித் தொங்குவது. கருத்த மரம், அதில் வெட்டிய மட்டைகளின் தழும்பு. இவை எதுவும் இல்லை. உலகத்தின் பெரும்பகுதிக்குப் 'பாம்' என்றால் கடற்கரை விடுமுறை. விடுமுறைப் படத்தில் வருவது தென்னை.

மணலோடு ஒட்டகம் வருவதற்கும் காரணம் தெரிந்ததுதான். புல்வெளியில் நிற்கும் பசுவை உடனே அடையாளம் கண்ட எந்திரங்கள், கடற்கரையில் நின்ற பசுவைக் காணத் தவறின என்று 2018-இல் கலிபோர்னியாவின் கால்டெக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பசுவைத் தனியாகவும் புல்லைத் தனியாகவும் அவை கற்கவில்லை; சேர்த்தே கற்றன. திருச்செந்தூர்க் கடற்கரையில் மாடு படுத்திருப்பதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது விந்தையாகத்தான் இருக்கும்.

ஆனால் நம்மையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். பாலை என்று பாடம் நடத்தும்போது எத்தனை வகுப்புகளில் ஒட்டகப் படத்தைக் காட்டுகிறோம்? முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். அந்தப் பாலையில் ஒட்டகம் இல்லை, மணற்குன்றும் இல்லை. கோடையில் இராமநாதபுரம் பக்கம் பேருந்தில் போனாலே அதைப் பார்க்கலாம். எந்திரம் நம் நிலத்தை அரேபியாவாக்கியதற்கு முன்பே, பாடநூலின் ஓரத்தில் நாம் அதைச் செய்துவிட்டோம்.

ஒரு தாய், திருச்சிராப்பள்ளி

கேள்வி: என் மகன் கணினியில் நாலு கோடு கிறுக்கினால், அது புகைப்படம் போன்ற காட்சியாக மாறிவிடுகிறது. இனி அவனுக்கு ஓவிய வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டுமா?

பதில்: இவ்வகைக் கருவிகளில் முன்னோடி, என்விடியா நிறுவனம் 2019-இல் காட்டிய 'காகன்' என்ற நிரல், பால் கோகேன் என்ற பிரெஞ்சு ஓவியரின் பெயரை நினைவூட்டும்படி வைத்தது. அதில் நிறத்துக்குப் பதிலாகப் பெயரால் தீட்ட வேண்டும்: இந்தத் திட்டு வானம், இது பாறை, இது கடல், இது பனி. மிச்சத்தை அது நிரப்பிக்கொள்ளும். மிகவும் கெட்டிக்காரத்தனமான கருவிதான். ஆனால் அந்தப் பெயர்ப் பட்டியலில் வரப்பு இல்லை, கண்மாய்க்கரை இல்லை, களத்துமேடு இல்லை. பட்டியலில் இல்லாததை உங்கள் மகன் தீட்ட முடியாது. நாளடைவில் பார்க்கவும் மாட்டான்.

பணம் கட்டுவது உங்கள் வசதி. வகுப்பில் பெயரை மறக்கக் கற்றுக்கொடுக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். நல்ல ஆசிரியர், வேப்பமரத்தை வரையாதே, இலைகளுக்கு நடுவே தெரியும் வானத்துண்டுகளை மட்டும் வரை என்பார். வானத்துண்டுக்குப் பெயர் கிடையாது. அதனால் கை ஏமாற்ற முடியாது. கால் மணி நேரத்தில், வரையாமலே மரம் நிற்கும்.

ஓவியக் கல்லூரி மாணவி, கும்பகோணம்

கேள்வி: இந்தச் சாய்வையே பொருளாக எடுத்துக்கொண்டு படைக்கும் ஓவியர்கள் இருக்கிறார்களா?

பதில்: இருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தவர் இலண்டனைச் சேர்ந்த ஆன்னா ரிட்லர். பிறர் திரட்டிய படங்களைப் பயன்படுத்தாமல், 2018-இல் நெதர்லாந்தில் 10,000 துலிப் பூக்களைத் தாமே ஒவ்வொன்றாகப் படமெடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கீழே அதன் நிறத்தையும் தன்மையையும் தம் கையாலேயே எழுதி, எந்திரத்துக்குப் பாடமாக வைத்தார். அந்தப் புகைப்படங்களையே சுவர் முழுக்க ஒட்டித் தனிப் படைப்பாகவும் காட்டினார். வெள்ளையா, வெளிர் இளஞ்சிவப்பா என்று ஒரு பூவின் முன்னால் ஒரு மனிதர் தடுமாறியதெல்லாம் கடைசியில் எந்திரத்துக்குப் போகும்போது ஐயமற்ற ஒரு சொல்லாக உறைந்துவிடுகிறது. அந்தக் கையெழுத்துகளைப் பார்க்கும்போது அது புரியும். சூக்வென் சுங் என்ற ஓவியரோ, 2015 முதல் எந்திரக்கையோடு ஒரே தாளில் சேர்ந்து வரைகிறார்; பிறகு அந்தக் கை அவருடைய கோட்டின் பழக்கங்களையும் கற்றுக்கொண்டது. தன் கை எந்தப் பக்கம் வளைய விரும்புகிறது என்பதை எதிரே இருந்து ஒருவர் காட்டிக்கொண்டே இருப்பதைப்போன்ற அனுபவம் அது.

நீங்கள் செய்ய விரும்பினால் கணினியே வேண்டாம். உங்கள் தெருவில் கண்ட நூறு பொருள்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே சொல்லில் பெயர் எழுதிப் பாருங்கள். எழுபதாவது பொருளுக்குள் கோபம் வந்துவிடும். அந்தக் கோபத்திலிருந்து தொடங்கலாம்.

தலைமையாசிரியை, திருத்துறைப்பூண்டி அருகில்

கேள்வி: நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் இதையெல்லாம் பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: விளக்க வேண்டாம், வரையச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் வகுப்புக்குள் இயற்கைக் காட்சி. மலையும் சூரியனும் வரட்டும், தடுக்காதீர்கள். பிறகு வெளியே வயலோரத்துக்கு அழைத்துப் போய், அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்து, அதற்குள் தெரிவதை மட்டும் அரை மணி நேரம் வரையச் சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால் போதும். எந்திரம் வரைந்த படம் கையில் இருந்தால், அதையும் பக்கத்தில் வையுங்கள்.

உங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இதைச் செய்தபோது, ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அட்டையைக் கண்ணில் வைத்துக்கொண்டே, "சார், கரண்டு கம்பம் வருது, விட்டுடலாமா?" என்று கேட்டாள். அட்டையைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாமே என்றுதான் எனக்கும் முதலில் சொல்லத் தோன்றியது. முப்பது ஆண்டுப் பழக்கம். சொல்லாமல் நின்றேன். அவள் சற்று யோசித்துவிட்டுக் கம்பத்தை நடுவிலேயே வரைந்தாள். அடுத்து, அதிலிருந்து கிளம்பிய கம்பிகளை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.